மன்னாருக்குப் போகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், கல்லூரிகளுக்கும் விடுமுறை வரும். அதனால் நம் கரையோரச் சபைகள் பலவும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வாலிபர்களை வெளிநாட்டுக்குக் குறுகிய கால ஊழியப் பயணமாக அனுப்பத் திட்டம் போடுகின்றன. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

எங்கள் சபை வாலிபர்கள் பதினோரு பேர் மே மாதம் ஒன்பது நாள் இலங்கையில் மன்னார் பக்கம் ஒரு மீனவக் கிராமச் சபைக்குப் போகிறார்கள். எட்டுப் பாட்டு, ஒரு நாடகம், பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் எல்லாம் தயார். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. வேறு என்ன பழக்க வேண்டும்?
போதகர், தங்கச்சிமடம்

ஐயா, பாட்டும் நாடகமும் போதும். இனி அதற்கு வாரம் அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்து வாரமும் வேறொன்றுக்கு வேண்டும்.

உங்கள் கடிதத்தில் "மீனவக் கிராமம்" என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நீங்கள் எந்த ஊர் என்று அந்தச் சபையார் முதல் நாளே கேட்பார்கள். ராமேஸ்வரம் பக்கம், தங்கச்சிமடம் என்று உங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். அந்தப் பெயர் அங்கே எப்படிக் கேட்கும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நம் கரை விசைப்படகுகளை அங்கே "றோலர்" என்பார்கள். போர் நடந்த வருடங்களில் அவர்களால் நிம்மதியாகக் கடலுக்குப் போக முடியவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டவர்கள், ராத்திரி நம் இழுவலைகள் வந்து அடியோடு வாரிக்கொண்டு போனதில் அந்த வலையை இழந்திருக்கிறார்கள். 2017இல் இலங்கை அரசு இழுவலைத் தொழிலைச் சட்டம் போட்டே தடுத்தது. நம் பக்கத்து வேதனை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் போனவரின் வீட்டில் உட்கார்ந்து நீங்களே ஜெபித்திருப்பீர்கள். இரண்டுமே உண்மை. ஆனால் விருந்தாளியாகப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது வீட்டுக்காரருடைய வேதனையை.

நான் முதல் தடவை ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போனபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், எங்களுக்குச் சோறு போட்ட வீட்டுப் பெரியவர், சாப்பிட்டு முடிந்ததும் உள்ளே போய் ஒரு வலையைக் கொண்டு வந்து முற்றத்தில் விரித்தார். பாதி இல்லை. "இது உங்கட பக்கத்து றோலர் கிழிச்சது" என்றார். கோபமே இல்லாத குரல், அதுதான் தாங்க முடியவில்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பியின் அப்பாவே விசைப்படகு வைத்திருப்பவர். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொருவன் அவசரப்பட்டு, "எங்க ஆளுங்களையும் பிடிச்சுட்டுப் போறாங்க" என்று ஆரம்பித்துவிட்டான். பெரியவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் விடிகாலையில் நான் எழுந்து பார்க்கும்போது அந்த விசைப்படகு வீட்டுப் பிள்ளை முற்றத்தில் பெரியவரோடு உட்கார்ந்து அந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். யாரும் அவனை அனுப்பவில்லை. ஒன்பது வயதிலிருந்து அவன் கை அறிந்த வேலை அது. மூன்று மாதம் நாங்கள் கொடுத்த பயிற்சியில் அவனுடைய அந்தக் கைவேலையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பயணத்தில் நடந்த ஊழியம் எது என்று கேட்டால் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

அதனால் ஐயா, முதல் மூன்று வாரம் இதற்கு. உங்கள் ஊரிலேயே விசைப்படகில் கூலிக்குப் போகிற ஒருவரையும், நாட்டுப்படகுக்காரர் ஒருவரையும், கணவர் பிடிபட்டுத் திரும்பி வந்த ஒரு அம்மாவையும் தனித்தனி நாளில் கூப்பிட்டுப் பேச வையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், பதில் பேசக் கூடாது. ஒரு மனிதர் தன் நஷ்டத்தைச் சொல்லும்போது நம் நஷ்டத்தை எடுத்துப் போட்டு ஈடு கட்டாமல் முழுவதும் கேட்டு முடிப்பது பழக்கினால்தான் வரும், மேடையில் பாடுவதைவிடக் கஷ்டம். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த பிறகு சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று ஞாபகம் வந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்ன மலைப்பிரசங்கப் பகுதியை, இந்தக் கடலை மனதில் வைத்து ஒரு வாரம் படியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். நாம் அவர்களுக்குச் சுவிசேஷம் கொண்டுபோகிற முதல் ஆட்கள் என்ற நினைப்பு நம் பிள்ளைகளுக்கு வரவே கூடாது. 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காகச் சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். அதைவிட நமக்கு நெருக்கமான கதை தொண்டி. 1900ஐ ஒட்டிய வருடங்களில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் காணிக்கை சேர்த்து, கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1902இல், பின்னாளில் பிஷப் ஆன வேதநாயகம் அசரியா யாழ்ப்பாணம் போனபோது அந்த உற்சாகத்தை நேரில் பார்த்துத் திரும்பினார், அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதாவது நம் தமிழ்ச் சபைகள் சொந்தக் காசில் மிஷனரி அனுப்பப் படித்துக்கொண்டதே அந்தக் கரையைப் பார்த்துத்தான். உங்கள் பதினோரு பேரும் கடனாளியின் வீட்டுப் பிள்ளைகளாகப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து இரண்டிரண்டு பேராகப் பிரித்து, அவர்களை அறியாத ஒரு ஊரில், மூக்கையூரோ தொண்டியோ, ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்க வையுங்கள். கையில் பணம் வேண்டாம். போட்டதைச் சாப்பிட வேண்டும், தட்டைக் கழுவ வேண்டும், அந்த வீட்டு ஆட்கள் எல்லார் பெயரையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். யார் எட்டு மணி வரை தூங்குகிறார், யார் போனை விட்டு எழுந்திருக்க மாட்டார், யார் குழம்பைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இங்கே ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்புக்கூட எடுக்காதவர் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கூடாது என்றும் கண்டிப்பாக வையுங்கள். நம் தெருவில் செய்யாததை அங்கே செய்தால் அது வெறும் காட்சி.

பேச்சும் கொஞ்சம் கவனம். தமிழ்தானே என்று நினைப்போம். அவர்கள் பேசுவதைக் கதைப்பது என்பார்கள், ஆமாம் என்பதற்கு ஓம், அழகுக்கு வடிவு. அவர்கள் பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்பது நம் பிள்ளைகளுக்குச் சாதாரணம், கேட்கிறவர்களுக்கு அப்படி இல்லை. அதேபோல, போரில் யாரை இழந்தீர்கள் என்று தாங்களாக யாரும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்கட்டும், உடனே ஒரு வசனத்தை எடுத்துச் சொல்லி வாயை அடைக்க வேண்டாம்.

கடைசியாக விசா. இலங்கைக்கு நம்மவர்கள் சாதாரணமாக எடுக்கும் மின்னணுப் பயண அனுமதி சுற்றுலாவுக்கானது. அதை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டுப் பிரசங்கம் செய்வது அந்த விசாவின் நிபந்தனைக்குப் புறம்பு. ஒன்பது நாளும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அழைக்கிற சபைக்கு இப்போதே அனுப்புங்கள், அவர்கள் தங்கள் நாட்டுக் குடிவரவுத் துறையில் கேட்டு எந்த விசா என்று சொல்லட்டும். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் பதினோரு பேரும் ஒரே உண்மையைச் சொல்லக்கூடிய நிலையில் போக வேண்டும். சுவிசேஷத்துக்காகப் போகிறவர்கள் குடிவரவு மேஜையில் பொய் சொல்லிவிட்டு உள்ளே நுழைவதை நான் எந்த நியாயத்தோடும் ஏற்கமாட்டேன்.

அந்தத் தாளை எழுதுவதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள், எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று. ஒருவேளை பொம்மலாட்டமே வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

என் மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வேறு ஊர்ச் சபைக் குழுவோடு இரண்டு வாரம் கென்யாவில் மருத்துவ முகாமுக்குப் போகிறேன் என்கிறாள். உறவுக்காரர்கள் கண்டபடி பேசுகிறார்கள். அனுப்பலாமா?
ஒரு தாய், மூக்கையூர்

அம்மா, உறவுக்காரர்கள் பேசுவதை ஒரு பக்கம் வையுங்கள். அவர்கள் பேச்சுக்காக நிறுத்தவும் வேண்டாம், அவர்களுக்குக் காட்டுவதற்காக அனுப்பவும் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது அழைத்துப் போகிறவரிடம். நேரில் போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

குழுவில் பொறுப்புள்ள பெண் தலைவர் யார்? பெண் பிள்ளைகள் எந்த வீட்டில், யாரோடு தங்குகிறார்கள்? உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி, பயணக் காப்பீடு போட்டாயிற்றா? யாராவது தப்பாக நடந்துகொண்டால் உங்கள் மகள் யாரிடம் சொல்ல வேண்டும், அந்த ஆளே தப்பு செய்தவராக இருந்தால் அடுத்து யாரிடம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அழைத்துப் போகிறவர் கோபப்பட்டால் அம்மா, அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று தலைவர் வாங்கி வைத்துக்கொள்வதும் சரியில்லை. அது அவள் கையில் இருக்க வேண்டும், நகல் ஒன்று தலைவரிடமும் ஒன்று உங்களிடமும்.

கென்யா என்பதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த இடங்களில் மட்டும்தான், சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்துக்கு விட்டுவிடக் கூடாது. ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும், 2016இலிருந்து அப்படித்தான். சான்று இல்லாமல் திரும்பி வந்தால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். மலேரியா மாத்திரையும் வேண்டும், கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்து வந்த பிறகும் தொடர வேண்டியது அது. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் மகளுக்கு நான் சொல்வது. தங்கச்சி, இங்கே உன் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் உன்னை என்னென்ன செய்ய விடமாட்டார்களோ அதையெல்லாம் அங்கேயும் செய்யாதே. "ஆள் இல்லை, நீ ஊசி போடு" என்பார்கள். ஏழை ஊர் என்பதால் அங்கே உள்ளவர்களின் உடம்பு படிப்பு முடிக்காதவர்களின் கை பழகுவதற்கு ஆகாது. இரத்த அழுத்தம் பார், வரிசையை ஒழுங்குபடுத்து, பாட்டிகளோடு உட்கார், அங்குள்ள நர்ஸ் அக்காவுக்கு எடுபிடியாக இரு. அதுவே பெரிய வேலை.

எனக்கு 22 வயது. ஒரு குழுவினர் பத்து நாள் நேபாளம் கூப்பிடுகிறார்கள். "விசா தேவையில்லை, பேப்பர் வேலை எதுவும் இல்லை, பையில் சுவிசேஷக் கைப்பிரதி மட்டும் எடுத்துக்கொள், தெருத்தெருவாகக் கொடுக்கலாம்" என்கிறார்கள். போகலாமா?
கல்லூரி மாணவர், கீழக்கரை

விசா தேவையில்லை என்பது உண்மை, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் இந்தியர்கள் போகலாம். அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 2015இல் வந்த நேபாள அரசியலமைப்பே மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடு கடத்துவார்கள்.

உனக்குப் பயமில்லாமல் இருக்கலாம் தம்பி, அது நல்லதுதான். ஆனால் தெருவில் கைப்பிரதி கொடுத்துவிட்டு நீ பதினோராம் நாள் ரயிலேறிவிடுவாய். போலீஸ் வந்து விசாரிப்பது உனக்குத் தங்க இடம் கொடுத்த நேபாளப் போதகரை. அவர் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வேண்டும், அவர் அந்தக் கடையில்தான் அரிசி வாங்க வேண்டும். அவர் விலை கொடுக்கும் தைரியத்தை நீ காட்டுவது தைரியமா? அழைக்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: அங்குள்ள சபை இதைக் கேட்டதா, கேட்டவர் பெயர் என்ன, நான் அவரோடு போனில் பேச முடியுமா? பேசிவிட்டு அவர் வேண்டும் என்று சொல்லும் வேலைக்குப் போ. பேச முடியாது என்றால் இந்தக் குழுவோடு போகாதே.

நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். எங்கள் சபைக் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். ஆளுக்கு நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். தடைக்காலத்தில் வருமானமும் இல்லை. முதலாளியிடம் முன்பணமோ வட்டிக்கோ வாங்கிப் போகலாமா? கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
பாம்பன்

வாங்காதே தம்பி. முன்பணம் வாங்கினால் அது அடையும் வரை அந்தப் படகிலிருந்து உன்னால் இறங்க முடியாது, இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் நண்பர்களில் எத்தனை பேர் உன் வட்டியில் பங்கு போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை, உன் போதகர் அவர்களைக் கேட்கட்டும்.

இது உன் பிரச்சினையே இல்லை, உன் சபையின் பிரச்சினை. அப்பா மாதச் சம்பளக்காரராக இருக்கிற பிள்ளை மட்டும் போகக்கூடிய பயணமாக ஒரு கடற்கரைச் சபை திட்டம் போட்டிருந்தால் அந்தத் திட்டம் தப்பு. நம் பாட்டிமார் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசிக் காணிக்கையில் மிஷனரிகளைத் தாங்கினார்கள். சபை முழுவதும் சேர்ந்து ஒரே பொதுப் பையில் போட்டு, அதிலிருந்து எல்லாருக்கும் செலவு செய்யச் சொல். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்பது குழுவில் யாருக்கும் தெரியக் கூடாது. பணம் குழு முழுவதற்கும் போதாமல் ஆறு பேருக்குத்தான் வந்தது என்றால் ஆறு பேர் போகட்டும், அந்த ஆறு பேரில் நீ இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஏனென்றால் கடல் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பக்கத்துக் கடல்காரன் கதை சொல்லுவான். இந்தக் கடிதத்தை அப்படியே உன் போதகரிடம் காட்டு, நான் சொன்னதாகவே சொல்.

பாஸ்போர்ட் வேலையை மட்டும் இப்போதே ஆரம்பித்துவிடு. சாதாரணமாக எடுத்தால் 1,500 ரூபாய், அவசரம் என்று தட்காலில் போனால் 3,500. நம் ஆட்களுக்கு வருகிற சிக்கல் பெயரில்தான்: ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் மாறிய இன்னொரு பெயர். அதைச் சரிபண்ணவே இரண்டு மாதம் ஓடிவிடும்.

போய் வந்த பிறகு காணிக்கை கொடுத்தவர்களுக்குப் படங்களோடு அறிக்கை கொடுக்க வேண்டும். எவ்வளவு படம் எடுக்கலாம்? தினமும் ஸ்டேட்டஸ் வைக்கலாமா?
வாலிபர் சங்கச் செயலாளர், மண்டபம்

இதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது வெளியூரிலிருந்து ஒரு குழு எங்கள் கிராமத்துக்கு வந்து ஐந்து நாள் தங்கியது. நல்லவர்கள், எங்களோடு விளையாடினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அம்மா அன்றைக்குத் தீவுப் பக்கம் கடல் பாசி எடுத்துவிட்டுக் கரையேறினார். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கும், உடம்பெல்லாம் உப்பு, சேலை நனைந்து ஒட்டியிருந்தது. ஒருவர் படம் எடுத்தார். யாரும் கேட்கவில்லை, அம்மாவும் தடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர்கள் சபைக்கு அனுப்பிய காலண்டரில் மார்ச் மாதத்துக்கு மேலே அம்மா இருந்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான், எழுத்துக் கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னான்: இருளில் வாழும் மக்களுக்காக ஜெபியுங்கள். அம்மா மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவர், பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவர். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வெளியாட்கள் வந்தால் அம்மா பின் வாசல் வழியாகப் போய்விடுவார், கடைசி வரை அப்படித்தான்.

அதனால் என் குழுவில் சட்டம் இது, நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நான்கு நாள் யாரும் படமே எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு எடுப்பதென்றால் பெயர் தெரிந்தவரை மட்டும், கேட்டு, எடுத்ததைக் காட்டி, எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி. பிள்ளைகளை எடுப்பதென்றால் பெற்றோர் சொல்ல வேண்டும். அழுகிறவர், குளிக்கிறவர், படுக்கையில் இருப்பவர் படம் கிடையாது. ஸ்டேட்டஸ் அங்கிருந்து வேண்டவே வேண்டாம், குழு எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கே அறிவிப்பது சில நாடுகளில் அழைத்தவர்களுக்கு ஆபத்து. அறிக்கையை எழுதி முடித்ததும் முதலில் அந்தச் சபைக்கு அனுப்புங்கள். அவர்கள் படித்து, எங்களைப் பற்றி இப்படி எழுதியிருப்பது சரி என்று சொன்ன பிறகு இங்கே வாசியுங்கள். காணிக்கை கொடுத்தவர்களுக்குச் செலவுக் கணக்கைத் தெளிவாகக் கொடுங்கள். அவர்களுக்குப் படம் பார்ப்பதைவிட அதில்தான் உரிமை அதிகம்.

பிள்ளைகள் விஷயம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எந்த வாலிபனும், எந்தப் பெண்ணும், அங்குள்ள ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை, பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலி அது, நம் பிள்ளைகளுக்கும் அதே வேலிதான்.

பெட்டியில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும், என்னென்ன கூடாது?
தொண்டி

கூடாததை முதலில் சொல்கிறேன். அடுத்தவர் பொட்டலம். நீங்கள் கடல் தாண்டிப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் "அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்குவார், சின்னப் பார்சல்தான்" என்று ஒருவராவது வருவார். நம் கரையிலிருந்து என்னென்ன கடத்தப்படுகிறது என்று தினசரியில் படிக்கிறோம், கஞ்சா, பீடி இலை, கடல் அட்டை, மஞ்சள் கூட. சித்தப்பாவே கொடுத்தாலும் வாங்காதீர்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். பவளப்பாறைத் துண்டு, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, ஞாபகப் பொருளாகக்கூட வேண்டாம். பரிசு கொடுக்க ஆசையென்றால் நம் பனை ஓலைப் பெட்டி போதும்.

வேண்டியவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி உள்ள பாஸ்போர்ட், அதன் நகல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை டாக்டர் சீட்டோடு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொசு மருந்து, முழங்காலுக்குக் கீழே வரும் உடை, கைலி ஒன்று. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. ஆகவே கிளம்புகிற வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஏற்றாதீர்கள், நாம் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது. டெங்கு அங்கேயும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் எண்ணை எல்லாரும் தாளில் எழுதி வைத்திருக்கட்டும், போன் தண்ணீரில் விழலாம்.

போன வருடம் போய் வந்தேன். அங்கே இருந்த பத்து நாளும் ஜெபம், பாட்டு, கண்ணீர். வந்த பிறகு வீடும் சபையும் சப்பென்று இருக்கிறது. அங்கே ஒரு அக்காவுக்குத் தையல் மெஷின் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியும் வந்துவிட்டேன், முடியவில்லை. அதனால் அவர்கள் மெசேஜுக்குப் பதில் போடுவதையே விட்டுவிட்டேன்.
ராமேஸ்வரம்

தங்கச்சி, சப்பென்று இருப்பது பாவம் இல்லை. பத்து நாள் சமையல், வேலை, வீட்டுச் சண்டை எதுவும் இல்லாமல் இருந்தாய், அந்த அக்காவுக்கும் அது அன்றாட வாழ்க்கை இல்லை, நீ போன பிறகு அவருக்கும் வீடு சப்பென்றுதான் இருந்திருக்கும். உன்னை அனுப்பிய சபை வந்த பிறகு உங்களை உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும், முதல் வாரத்திலும், ஒரு மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும். பேசவில்லை என்றால் நீயே போய்க் கேள், கூடப் போனவர்களைக் கூப்பிட்டு உன் வீட்டிலேயே உட்காருங்கள்.

தையல் மெஷின் விஷயம்தான் என்னை வருத்தப்படுத்துகிறது. அவர் காத்திருப்பார். தினமும் இல்லை, எப்போதாவது, ஒரு துணி கிழிந்தால். இன்றைக்கு ராத்திரியே அவருக்குப் போன் பண்ணு, மெசேஜ் வேண்டாம். "அக்கா, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்" என்று நேராகச் சொல். வேறு காரணம் எதுவும் சேர்க்காதே. சொல்லிவிட்டு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேள், அவர் சொல்வதைக் கேள், அடுத்த மாதமும் கூப்பிடு. 1910இல் எடின்பரோவில் மேற்கத்திய மிஷனரிகள் கூடிய மாநாட்டில் அசரியா எழுந்து நின்று, எவ்வளவோ கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்த அக்காவுக்கு நீ இன்னும் தர முடிந்தது அது ஒன்றுதான், அதற்கு மெஷின் விலை ஆகாது. பேசிவிட்டு எனக்கு எழுது, என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.